லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் பல்லி வகை) குட்டி ஆணா பெண்ணா? பெரியது சின்னதைக் கடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம். மூன்று மாதக் குட்டிகள் இரண்டு, ஒரே தொட்டியில் இருக்கின்றன. ஒன்று 19 கிராம், மற்றது 14. இரண்டுமே பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் பெரியதற்குத் தலை அகலம். நேற்று சின்னதின் வாலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை, மகள் அழுதுவிட்டாள். தலையை வைத்து ஆண் என்று சொல்லலாமா?

பதில்:
முதலில் இன்றைக்கே பிரித்து வையுங்கள் அண்ணா. இரண்டும் பெண்ணாக இருந்தாலும் கடிக்கும்.

தலையை நம்பாதீங்க, நன்றாகத் தின்னும் பெண்ணுக்கும் அகலமாகத்தான் இருக்கும். பின்னங்கால்களுக்கு நடுவே, கழிவுத் துவாரத்துக்குச் சற்று மேலே பாருங்கள். கூரை முகடு மாதிரி ஒரு செதில் வரிசை இருக்கும். ஆணுக்கு அந்தச் செதில்களில் ஊசியால் குத்தியது போலத் துளைகள். வளர்ந்தபின் அவற்றில் மெழுகு கட்டும். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்பும் வரும். பெண்ணுக்கும் அதே வரிசை உண்டு, ஆனால் மங்கலான குழிதான். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

கையில் புரட்டிப் பார்க்க வேண்டாம். பயந்தால் வாலை உதறிவிடும். அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, கீழிருந்து போனில் மேக்ரோ படம் எடுங்கள்.

கேட்டவர்:
பிரித்துவிட்டேன். படத்தில் பெரியதற்கு ஏழெட்டுப் புள்ளி வரிசையாகத் தெரிகிறது. சின்னதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் அது பெண்தானே? பெண் பிறக்கிற சூட்டில்தான் முட்டையை வைத்தார்களாம்.

இன்னொரு பதில்:
பெரியது பெரும்பாலும் ஆண்தான். சின்னதைப் பற்றி இப்போதே முடிவு செய்யாதீர்கள். 14 கிராமில் துளை தெரியாதது எதற்கும் சாட்சி இல்லை.

சூடு விஷயம் உண்மை. இவற்றுக்கு முட்டை இருக்கும் வெப்பம்தான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் அளவில் பெரும்பாலும் பெண், 32.5 அருகே பெரும்பாலும் ஆண், 34க்கு மேல் போனால் மறுபடி பெண்ணே அதிகம். ஆனால் ‘பெரும்பாலும்’தான். 26இல் வைத்த முட்டையிலும் ஆண் வரலாம். அதனால் கொடுத்தவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை எடை பார்த்து, அதே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

கேட்டவர் (மூன்று மாதம் கழித்து):
பெரியது சந்தேகமில்லாமல் ஆண். புடைப்பு நன்றாகத் தெரிகிறது, துளைகளில் மஞ்சள் மெழுகு. சின்னது இப்போது 34 கிராம். வாலடி தட்டையாகவே இருக்கிறது, மங்கலான குழிகள் மட்டும். பெண்தான். கடிபட்ட இடத்தில் செதில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, வால் பத்திரமாக இருக்கிறது. இருவருக்கும் தனித்தனித் தொட்டிதான். இருவருக்கும் நன்றி.