சூடான் போர் நம் பத்திரிகைகளில் ஏன் நாலு வரியோடு நின்றுவிடுகிறது?

தேன்மொழி:
2023 ஏப்ரல் 15-ல் தொடங்கிய சூடான் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள். டார்ஃபூர் பகுதியின் எல் ஃபஷர் நகருக்குப் பக்கத்தில், ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் தங்கிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது எங்கள் வீட்டு நாளிதழில் ஓரத்தில் நாலு வரி. உக்ரைனுக்கு மட்டும் வரைபடம், பேட்டி எல்லாம் வருகிறது. இதை யார் முடிவு செய்கிறார்கள்? பத்திரிகையில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

நைட் டெஸ்க்:
வெளிநாட்டுப் பக்கத்தில் சப்-எடிட்டராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன் அம்மா. எங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடும். ராத்திரி ஷிஃப்டில் திரையில் ஓடுவது ஏ.பி., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. என்ற வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சிகள் எழுதி அனுப்பும் செய்திதான். உக்ரைன் செய்தியின் தலையில் 'கீவ்' என்று ஊர் பெயர் இருக்கும். சூடான் செய்தியில் பல நாள் 'கெய்ரோ' என்றிருக்கும். நிருபர் எகிப்தில் உட்கார்ந்து போனில் விசாரித்து எழுதுகிறார். 2024 பிப்ரவரியில் சூடானின் பெரும்பகுதியில் போனும் இணையமும் அடங்கியபோது அதற்கும் வழியில்லை. செய்தி குட்டையாக வரும், புதுப் படம் வராது. படமில்லாத செய்தி ஓரத்துக்குப் போய்விடும்.

கப்பல்காரன்:
2023 ஜூன் 14-ல் கிரீஸ் அருகே அகதிகளை ஏற்றிவந்த மீன்பிடிப் படகு மூழ்கியது. சுமார் 750 பேர் இருந்ததில் பிழைத்தது 104 பேர். நாலு நாள் கழித்து டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கியில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டிலும் பாகிஸ்தானியர் இருந்தார்கள். மணிக்கு மணி செய்தி வந்தது டைட்டனுக்குத்தான்.

தேன்மொழி:
அப்போ மூன்றாம் உலக நாடுகளே சேர்ந்து ஏஜென்சி நடத்தினால் சரியாகுமா சார்?

நைட் டெஸ்க்:
நடத்திப் பார்த்தார்கள். 1870-ல் ஹவாஸ், ராய்ட்டர், வொல்ஃப் என்ற மூன்று ஐரோப்பிய ஏஜென்சிகளும் செய்தி சேகரிக்க உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டன. அதன் தடம் அழியவேயில்லை என்று 1970-களில் அணிசேரா நாடுகள் ஒரு செய்திக் கூட்டமைப்பு தொடங்கின. ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலானவை அரசு ஏஜென்சிகள். அமைச்சர் அடிக்கல் நாட்டினார், தூதர் வாழ்த்தினார் என்பதை எந்த எடிட்டர் பக்கத்தில் போடுவார்? 1980-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோவுக்காக, உலகச் செய்தி ஓட்டத்தில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு பற்றி மெக்பிரைட் குழு அறிக்கை தந்தது. நம்மூர் பத்திரிகையாளர் பி. ஜி. வர்கீஸும் அதில் உறுப்பினர். இதையொட்டி எழுந்த சர்ச்சையும் ஒரு காரணமாக 1984 முடிவில் அமெரிக்காவும் அடுத்த வருஷம் பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே விலகின.

எனக்கு நம்பிக்கை ரேடியோ டபங்கா என்ற சூடான் செய்தி வானொலி மாதிரி ஆட்கள்மேல்தான். நெதர்லாந்தில் இருந்து 2008 முதல் டார்ஃபூர் மக்களிடமே கேட்டு வெளியிடுகிறார்கள். நம் டெஸ்க்குகள் தினமும் அதைத் திறந்து பார்த்தாலே நாலு வரி நாற்பதாகும். நீங்களும் ஆசிரியருக்குக் கடிதம் போடுங்கள். சூடான் பற்றி வாசகர் கேட்டு வந்த கடிதம் ஒன்றுகூட என் மேசையில் நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் மாலைக் கூட்டத்தில் அதைக் காட்டியே இடம் கேட்டிருப்பேன்.