உசிலம்பட்டிப் பெண்ணுக்கு ட்ரிபிள் ஈ வேண்டாமா?

கணக்கு டீச்சர், உசிலம்பட்டி (வியாழன், இரவு 8.50)

என் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மாணவி. கட் ஆஃப் 171. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். அதனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியே கிடைக்கும். அவளுக்கு ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், படிக்க வேண்டும்.

அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். லீவு நாளெல்லாம் இவள் அங்கேதான் இருப்பாள். போன மாதம் நான் போனபோது ஒரு அஞ்சு எச்.பி. போர் மோட்டாரின் ஸ்டேட்டரை, அதாவது காயில் கட்டும் சுழலாத பாகத்தை, பலகையில் படுக்க வைத்து, வயரை ஒவ்வொரு ஸ்லாட்டாக உள்ளே விட்டு மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைகிறது, சுற்றை எண்ணுகிறாள். நான் கூப்பிட்டும் நிமிரவில்லை. அந்தக் காயில் முடிந்த பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் கேட்டாள்: “டீச்சர், வோல்ட் கூடினா காயில் கருகும், சரி. வோல்ட் கம்மியா வந்தாலும் கருகுதே, ஏன்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று நெட் சென்டரில் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட உட்கார்ந்தார்கள். கூட வந்த தாய்மாமன் ட்ரிபிள் ஈ எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடச் சொல்லிவிட்டார். “கரண்ட் கம்பம் ஏறுற படிப்பு. எவன் கட்டுவான்?” அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பணம் ஒரு தடையே இல்லை. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசு கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சனிக்கிழமை மாலை வரை பட்டியலை மாற்றலாம். அந்த வீட்டில் போய் நான் என்ன பேசுவது? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கப்பலூர் சூப்பர்வைசர் (வியாழன், இரவு 9.35)

டீச்சர், கோபப்படாதீர்கள். அந்த மாமன் பேசிய விதம் தப்பு. ஆனால் பயம் தப்பில்லை.

19 வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் மூன்று பெண் டிரெய்னிகளை எடுத்தோம். மூவரும் கெட்டிக்காரர்கள். அதில் ஒருத்தி பேனல் டிராயிங்கைக் கையில் வாங்கியதுமே எந்த ரிலேயில் தப்பு என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருடம் முடிவதற்குள் மூவரும் போய்விட்டார்கள். இருவருக்குக் கல்யாணம், ஒருத்திக்கு ஷிப்ட் ஒத்துவரவில்லை. சொல்லிக்கொடுத்த உழைப்பு எல்லாம் போனது. அந்த 7.5 சதவீத சீட் இன்னொரு அரசுப் பள்ளிப் பையனுக்கும் போயிருக்கக்கூடிய சீட். இவள் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவனுக்கு யார் பதில் சொல்வது? போதாததற்கு, இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை ஆலையில் வைக்கச் சட்டமே விடாது. மெயின்டனன்ஸ் என்றாலே ராத்திரி வேலைதான்.

சைட் இன்ஜினியர், வாடிப்பட்டி (வியாழன், இரவு 10.20)

அண்ணே, முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் அந்தத் தடை இருந்தது உண்மை. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அடித்துவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற ஏற்பாடுகளை நிறுவனம் செய்து தர வேண்டும், அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேலாகியும் “சட்டம் விடாது” என்ற பேச்சு மட்டும் ஒழியவில்லை.

நானும் ட்ரிபிள் ஈதான். என் முதல் வேலை ஒரு சோலார் பிளான்ட் சைட்டில். கம்பெனி பெயர் வேண்டாம். கேபிள் இழுப்பது, டெர்மினேஷன், டெஸ்டிங் எல்லாம் செய்தேன். வெயில் எனக்குப் பொருட்டில்லை, பிறந்ததே இந்த ஊர்தானே. அங்கே கக்கூஸ் இல்லை. ஆண்கள் கருவேல மரத்துப் பக்கம் போவார்கள். நான் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவேன். போய் வர முக்கால் மணி நேரம். “மேடம் எங்கே காணோம்” என்று போன் வரும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டேன். நாலாவது மாதம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ஆஸ்பத்திரி. வேலையை விட்டேன். அந்தக் கம்பெனி பதிவேட்டில் காரணம் “சொந்தக் காரணம்” என்று இருக்கும்.

உங்கள் மூன்று பேர் கணக்கிலும் எனக்கு இந்தச் சந்தேகம்தான். ஷிப்ட் ஒத்துவரவில்லை என்கிறீர்களே, ராத்திரி ஷிப்ட் முடிந்தால் அந்தப் பெண் வீட்டுக்கு எப்படிப் போனாள்? கம்பெனி வண்டி இருந்ததா?

மேலூர் அப்பா (வியாழன், இரவு 11.05)

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஐ.டி., சென்னையில் இருக்கிறாள். சின்னவள் பிளஸ் ஒன், சிவில் வேண்டும் என்கிறாள். அதனால் இதைத் தூக்கம் விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சைட் இன்ஜினியர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு எப்படி என் பெண்ணைச் சிவிலுக்கு அனுப்புவேன்? நீங்கள் தைரியம் சொல்ல எழுதினீர்கள், எனக்குப் பயம்தான் கூடியது. மூத்தவள் ஆபீஸில் எத்தனை மணிக்கு வெளியே வந்தாலும் கேப் ஏற்றி வாசலில் விடுகிறார்கள். டிரைவர் எண் எனக்கு மெசேஜில் வருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸில் பெண்கள் குவிகிறார்கள் என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் பாடத்தைப் பார்த்துச் சேர்க்கவில்லை. அந்த கேப்பைப் பார்த்துத்தான் சேர்க்கிறோம்.

சைட் இன்ஜினியர், வாடிப்பட்டி (வியாழன், இரவு 11.20)

ஐயா, நான் கேட்பதும் அந்த கேப்பைத்தான். ஐ.டி. கம்பெனிக்கு முடிந்தது மற்ற இடத்தில் ஏன் முடியாது? இப்போது நான் இருக்கும் இடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் இரவு வண்டியும் இருக்கின்றன. ஏழு வருடம் ஆகிறது. நடுவில் கல்யாணமும் ஒரு குழந்தையும் ஆகியாயிற்று. நான் எங்கும் போகவில்லை.

அப்புறம், பெண்கள் தொழில்நுட்ப வேலை செய்வது மதுரைக்குப் புதிது போல யாரும் பேச வேண்டாம். கண் ஆபரேஷனில் உள்ளே வைக்கும் லென்ஸை இங்கே ஆரோலேப் 1992லிருந்து செய்கிறது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து அதைச் செய்யும் கைகளில் பெரும்பாலானவை சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களின் கைகள்தான்.

மூன்றாமாண்டு மாணவி (வெள்ளி, காலை 7.10)

நான் மெக்கானிக்கல். வகுப்பில் 60 பேரில் நாங்கள் 5 பெண்கள். ஆனால் இதற்காகப் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சிலர் கேட்பதை நான் ஏற்கவில்லை. ஐ.ஐ.டி.களில் கொண்டுவந்தார்களே, அதற்கப்புறம் அங்கே படிக்கும் என் தோழியைப் பையன்கள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? அவள் வாங்கிய ரேங்கை யாரும் கேட்பதில்லை. இங்கே நான் லேத்தில் ஜாப் முடித்தால் “சார் மார்க் போட்டுடுவார், பொண்ணுல்ல” என்கிறார்கள். சலுகை என்ற பெயரே எங்களுக்குப் பாரமாகிறது.

ஆய்வு மாணவி, நாகமலை (வெள்ளி, காலை 8.30)

தங்கச்சி, உன் கோபம் புரிகிறது. ஒரு தகவல் மட்டும். ஐ.ஐ.டி.யில் 2018லிருந்து பெண்களுக்குக் கொடுப்பது கூடுதல் இடங்கள். பையன்களின் இடத்தைக் குறைத்து அதைக் கொடுக்கவில்லை. 2017இல் அங்கே சேர்ந்தவர்களில் பெண்கள் 10 சதவீதம்கூட இல்லை. அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு. அந்தப் பையன்கள் பேசுவதை நிறுத்த நாம் இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

நான் வேதியியல். எங்கள் பக்கத்துக் கதை வேறு மாதிரி. 2020–21 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் அறிவியல் படிப்பவர்கள் 57.2 லட்சம், அதில் பெண்கள் 29.8 லட்சம். பாதிக்கும் மேல்! பொறியியலில் பத்துக்கு மூன்று பேர் என்ற அளவுதான். அதனால் அறிவியலில் பெண்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். எங்கள் எம்.எஸ்சி. வகுப்பில் 24 பேர், 19 பெண்கள். அவர்களில் இன்று ஆய்வகத்தில் நிற்பது நானும் இன்னொருத்தியும்தான். நாட்டின் ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. வாசல் வரைக்கும் கூட்டம், உள்ளே ஆளில்லை.

சூப்பர்வைசர் சார் சீட் வீணாகிறது என்றார். எம்.எஸ்சி. முடித்த என் தோழிகள் 17 பேர் வீணாகவில்லை, வீணாக்கப்பட்டார்கள்.

கப்பலூர் சூப்பர்வைசர் (வெள்ளி, மதியம் 1.40)

சட்டம் பற்றி நான் எழுதியது தவறு. திருத்திக்கொள்கிறேன். வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். எங்களிடம் வண்டி இல்லை. அந்தப் பெண்ணை அவள் அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப்போவான். அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்த மாதத்தில்தான் அவள் நின்றாள். இரண்டையும் நான் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆனால் முதலாளியின் பக்கத்தையும் பாருங்கள். 2017இல் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள், நல்லது. சம்பளத்தைக் கொடுப்பது முதலாளிதானே? 30 பேர் வேலை செய்யும் பட்டறைக்காரர் பெண் பெயரைப் பார்த்ததும் பயோடேட்டாவைத் தள்ளி வைப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சைட் இன்ஜினியர், வாடிப்பட்டி (வெள்ளி, மதியம் 2.15)

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தால் அந்த 26 வாரத்துக்கும் பணம் கொடுப்பது ஈ.எஸ்.ஐ., முதலாளி இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை அதற்குள் வரும். புதிதாகச் சேரும் டிரெய்னியில் யாருக்கு அதைத் தாண்டிக் கொடுக்கிறீர்கள்? பட்டறைக்காரரிடம் இதை யாராவது சொன்னார்களா? அதற்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு முழுச் செலவும் முதலாளி தலையில் விழுவது உண்மை. அதை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

டீச்சர், அந்த வீட்டில் லலிதாவைப் பற்றிச் சொல்லுங்கள். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் விதவை, கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா அவரைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்த்தார். 1940களிலேயே எலெக்ட்ரிகல் முடித்தார், நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததைக் கையால் அடித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளில் பங்கெடுத்தார். கம்பம் ஏறவில்லை.

மேலூர் அப்பா (வெள்ளி, மாலை 6.00)

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜியையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர். செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரி நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது.

என் சின்னவள் விஷயத்தில் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அவள் கேட்கும் கல்லூரிக்குப் போய், அங்கே படித்து சைட்டுக்குப் போன பெண்கள் யாரையாவது பார்த்துப் பேசலாம் என்று இருக்கிறேன்.

கப்பலூர் சூப்பர்வைசர் (வெள்ளி, இரவு 9.10)

பெரிய பெயர்களை வைத்து ஒரு குடும்பம் முடிவெடுக்காது. என் கருத்தை நான் முழுதாக மாற்றிக்கொள்ளவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலை உண்டா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கும் தைரியம் எத்தனை அப்பாக்களுக்கு இருக்கிறது?

ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி நேற்றிலிருந்து என்னை விடவில்லை. அவளிடம் இதைக் காட்டுங்கள். பம்ப் தூக்கும் தண்ணீர் அதே பாரம்தான். வோல்ட் குறைந்தால் அந்தப் பாரத்தைச் சுமக்க மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். காயிலைச் சூடாக்குவது ஆம்பியர். அது இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். நம் ஊரில் சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடும்போது வோல்ட் இறங்கி எரிவது இதனால்தான்.

கணக்கு டீச்சர், உசிலம்பட்டி (சனி, பகல் 11.30)

எல்லோருக்கும் நன்றி. காலையில் கடைக்கே போய்விட்டேன். மாமன் இல்லாத நேரம். அப்பாவிடம் கழிப்பறை, வண்டி, ஈ.எஸ்.ஐ. எல்லாம் பேசினேன். பாதிதான் காதில் வாங்கினார். சூப்பர்வைசர் சார் எழுதியதை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு ஓரத்தில் கிடந்த இரண்டு எரிந்த ஸ்டேட்டர்களை இழுத்துப் போட்டாள்.

“அப்படின்னா இது வோல்ட் குறைஞ்சு எரிஞ்சது டீச்சர், பாருங்க, எல்லாக் காயிலும் ஒண்ணுபோலக் கருகியிருக்கு. இது வேற. இதுல சில காயில் அப்படியே புதுசா இருக்கு, மத்தது மட்டும் கரி. இது மூணு ஃபேஸ் கரண்ட்ல ஒரு ஃபேஸ் போனதுல எரிஞ்சிருக்கணும். சரியான்னு அந்த சார்கிட்ட கேளுங்க.”

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருடமாகக் காயில் கட்டும் மனிதர். “இதை எனக்கு யாரும் சொன்னதில்ல” என்றார். ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. மூன்று மணிக்கு நெட் சென்டருக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசர் சார், அவள் சொன்னது சரியா? அதற்குள் பதில் போட முடிந்தால் நல்லது.