தொழில்துறைத் தரவுத் தரநிலையை அஜைல் முறையில் உருவாக்க முடியுமா?

கேள்வி:
செயல்முறை ஆலைகளில் உள்ள பம்பு, வால்வு போன்ற கருவிகளின் விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதற்கான தரவு மாதிரியை, அதாவது எந்த விவரத்தை எந்தப் பெயரில், எந்தப் பொருளில் குறிப்பது என்ற வரையறையை, எங்கள் பணிக்குழு எழுதி வருகிறது. இரண்டு ஆண்டுகளில் வரைவு பருத்திருக்கிறதே தவிர, அதன்படி ஒரு கோப்பைக்கூட யாரும் பரிமாறிப் பார்க்கவில்லை. மென்பொருள் உருவாக்கத்தில் வழங்கும் அஜைல் முறைப்படி வேலையை இரண்டு வாரச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சோதித்துத் திருத்தலாம் என்று நான் முன்மொழிந்தபோது, தரநிலையை மென்பொருளைப் போல அடிக்கடி மாற்றக் கூடாது என்று மூத்த உறுப்பினர்கள் மறுத்தனர். அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
நீங்கள் சொல்லும் நிலை புதிதல்ல. பொருள்களின் வடிவமைப்புத் தரவை மென்பொருள்களுக்கிடையே பரிமாறுவதற்காக, சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிட்ட ஸ்டெப் (ஐஎஸ்ஓ 10303) தரநிலைக்கான பணி 1984இல் தொடங்கியது. அதன் முதல் பகுதிகள் 1994இல்தான் வெளிவந்தன. என் அனுபவத்தில், சுற்றின் நீளத்தைவிட அதன் முடிவில் எதைக் காட்டுகிறோம் என்பதே முக்கியம். திருத்திய ஆவணத்தைக் காட்டினால் அது பழைய முறைதான். ஒரே ஒரு பயன்பாட்டுச் சூழலை, உதாரணமாக ஒரு வால்வின் விவரத்தாளை, எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான பண்புகளை மட்டும் வரையறுத்து, இரண்டு வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே மாதிரிக் கோப்பைப் பரிமாறிக் காட்ட வேண்டும். நாங்கள் அவ்வாறு செய்தபோது, பல மாதங்களாக யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்த ‘அழுத்தம்’ என்ற பண்பை ஒரு தரப்பு வடிவமைப்பு அழுத்தமாகவும் மறு தரப்பு இயக்க அழுத்தமாகவும் புரிந்துகொண்டிருந்தது முதல் பரிமாற்றத்திலேயே வெளிப்பட்டது. எத்தனை கூட்டம் போட்டிருந்தாலும் அந்தப் பிழை எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மூத்த உறுப்பினர்களின் கவலையை எளிதாகக் கடந்துவிட வேண்டாம். ஆலைகளும் விமானங்களும் பல பத்தாண்டுகள் இயங்குபவை. அவற்றின் தரவும் அதுவரை படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஆகவே வரைவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஒரு பண்புக்கென வெளியிட்ட அடையாளக் குறியின் பொருளை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். வரையறை தவறென்று தெரிந்தால், பழைய குறியை வழக்கொழிந்ததாக அறிவித்து, புதிய பொருளுக்குப் புதிய குறி கொடுங்கள். வாக்கெடுப்பையும் சுருக்க முடியாது: ஐஎஸ்ஓவில் சர்வதேசத் தரநிலை வரைவுக்கான வாக்கெடுப்பு மட்டுமே 12 வாரங்கள் நடைபெறும். அதற்கு அனுப்பும் வரைவு முன்பே சோதிக்கப்பட்டதாக இருக்கும் என்பதே உங்கள் முறையால் கிடைக்கும் ஆதாயம். ஸ்டெப்பில் முப்பரிமாண வடிவமைப்புத் தரவுக்கான ஏபி242 பகுதி 2014, 2020, 2022 ஆண்டுகளில் அடுத்தடுத்த பதிப்புகளாக வந்ததையும் எடுத்துக்காட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சோதனைக் கோப்புகளை யார் தயாரிப்பது? எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் வேறு பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்குபவர்கள்.

பதில் 1:
அப்படியானால் இரண்டு வாரச் சுற்று உங்களுக்குப் பொருந்தாது. ஆறு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கோப்புகளைத் தரவு மாதிரியை எழுதியவர்களே தயாரிக்கக் கூடாது. மென்பொருள் நிறுவனங்களின் பிரதிநிதிகளிடம் வரைவை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்கும் இடங்களே அடுத்த சுற்றுக்கான வேலைப் பட்டியல்.