பயன்படுத்திய டர்போ பெட்ரோல் கார்: பி0171, பி0299 இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி (கோவையிலிருந்து)

வணக்கம். 2013ஆம் ஆண்டில் பதிவான, 1.8 லிட்டர் நேரடி உட்செலுத்து டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட செடான் கார் ஒன்றை அண்மையில் ஒரு தனியாரிடமிருந்து வாங்கினேன். வாங்கும்போது மீட்டரில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஓட்டிப் பார்த்தபோதும் குறை தெரியவில்லை. வாங்கிய சில நாட்களில், குடும்பத்துடன் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. அதோடு வண்டியின் இழுவையும் சட்டென்று குறைந்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கியபின் இழுவை திரும்பியது, ஆனால் விளக்கு அணையவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி0171 (கலவையில் எரிபொருள் போதவில்லை), பி0299 (டர்போ அழுத்தம் போதவில்லை) ஆகிய இரண்டும் நிலையான குறியீடுகளாகப் பதிவாகியிருந்தன; பி0300 (குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாத மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியாமை) தற்காலிகக் குறியீடாக இருந்தது. அழுத்தம் குறைவு என்று குறியீடே சொல்வதால் டர்போ தேய்ந்துவிட்டது, அதை மாற்றியாக வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. செலவு, நான் காருக்குக் கொடுத்த விலையில் கணிசமான பங்கு. இரண்டு குறியீடுகளும் வெவ்வேறு கோளாறுகளா, ஒரே கோளாறா? டர்போவில் கைவைக்கும் முன் நானே பார்க்கக்கூடியவை என்னென்ன? என்னிடம் கைப்பேசியோடு இணையும் புளூடூத் ஓபிடி கருவி (எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிப்பது) ஒன்று இருக்கிறது.

மறுமொழி 1 (பட்டறை வைத்திருப்பவர்)

வணக்கம் ஐயா. டர்போவை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். பி0299 என்பது, இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்ட அழுத்தமும் சென்சார் காட்டிய அழுத்தமும் சில நொடிகளுக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்ற செய்தி மட்டுமே. கேட்ட அழுத்தம் கிடைக்காமல் போவதற்கு டர்போவின் தேய்மானம் ஒரு காரணம். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் கிளாம்பிலிருந்து நழுவியிருப்பது, டைவர்ட்டர் வால்வின் (பெடலை விடும்போது மிகையழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) ரப்பர் கிழிந்திருப்பது, வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவு) முழுவதும் மூடாதது, எக்சாஸ்ட் பக்கம் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) அடைத்திருப்பது ஆகியவையும் காரணங்களே. நடைமுறையில் டர்போவை விட இவைதான் அதிகம் அகப்படுகின்றன.

உங்கள் காரில் பி0171உம் சேர்ந்து வந்திருப்பது தேடலை எளிதாக்குகிறது. இந்த வகை எஞ்சின்களில் ஏர் ஃபில்ட்டருக்குப் பின்னால் காற்றின் அளவைக் கணக்கிடும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும். அது அளந்த காற்றுக்கு ஏற்பவே எரிபொருள் கொடுக்கப்படுகிறது. அளக்கப்படாத காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுகொள்ளும். இசியூ எரிபொருளைக் கூட்டிச் சரிக்கட்டும். அவ்வாறு கூட்டுவதன் அல்லது குறைப்பதன் விழுக்காடுதான் ஃப்யூயல் ட்ரிம். நீண்டகால ட்ரிம் கூட்டலிலோ கழித்தலிலோ 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கூட்டலில் 20-25 விழுக்காட்டை நெருங்கும்போது பி0171 பதிவாகும்.

கசிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ட்ரிம் மாறும் விதமே காட்டிக்கொடுக்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐடிலில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) வெற்றிடம் வலுவாக இருக்கும். அங்கே கசிவிருந்தால் காற்று உள்ளே இழுக்கப்படும். ஐடிலில் எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அந்தச் சிறு கசிவின் விகிதம் பெரிதாகி, ட்ரிம் உயர்ந்து நிற்கும். அதே எஞ்சினை 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் மொத்தக் காற்று கூடிவிடுவதால் ட்ரிம் இறங்கிவிடும். மாறாக, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) இடையிலுள்ள குழாயில் கசிவிருந்தால் ஐடிலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) ஏறும்போது சென்சார் அளந்துவிட்ட காற்று வெளியே ஓடிவிடும் என்பதால் எரிபொருள் மிகுந்து, ட்ரிம் கழித்தல் பக்கம் போகும். ஐடிலில் சரியாக இருந்து, சுமை ஏற ஏற ட்ரிம் கூட்டலில் உயர்ந்தால் சந்தேகம் எரிபொருள் பம்பு மீதோ, அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சார் மீதோ போக வேண்டும். நேரடி உட்செலுத்து எஞ்சினில் ரெயில் அழுத்தத்தையும் (இன்ஜெக்டர்களுக்கு முன் எரிபொருளின் அழுத்தம்) கருவியில் பார்க்கலாம். இந்தத் தலைமுறை எஞ்சின்களில் ஐடிலில் ஏறத்தாழ 40-50 பார் இருக்கும், முழுச் சுமையில் 100 பாரைத் தாண்ட வேண்டும்.

ஆகவே ஐயா, குறியீடுகளை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியைத் திறந்து, குறியீடு பதிவான கணத்தில் ஆர்பிஎம், வேகம், சுமை, கூலன்ட் வெப்பநிலை, ட்ரிம் ஆகியவை என்ன என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு எஞ்சின் நன்கு சூடான நிலையில் ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் ட்ரிம்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்து எஞ்சினை இயக்காமல் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். கோவையின் உயரத்தில் அது சுமார் 96-97 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். வெகுவாக வேறுபட்டால் சென்சாரையே முதலில் சந்தேகிக்கலாம். கடைசியாக, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். மூடி எவ்வளவு வலுவாக உறிஞ்சிப் பிடித்திருக்கிறது, திறந்ததும் எஞ்சின் சத்தத்தில் என்ன மாற்றம் என்பதைக் கவனித்து எழுதுங்கள்.

விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்துகொண்டிருந்தால் மெதுவாக ஓட்டிச் செல்லலாம். அது விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டுக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள்.

மறுமொழி 2

பயன்படுத்திய கார் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வாங்கும் நாளில் விளக்கு எரியாமல் இருந்தது என்பது எதையும் உறுதிப்படுத்தாது. குறியீடுகளை அழித்துவிட்டுக் காரைக் காட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அப்படி அழித்ததன் தடத்தை மறைப்பது எளிதன்று. குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தையும், அதன்பின் எஞ்சின் எத்தனை முறை சூடாகி ஆறியது என்பதையும் ஓபிடி-2 தரத்திலேயே கேட்டுப் பெறலாம். பெரும்பாலான கைப்பேசிச் செயலிகள் இவற்றைக் காட்டும். ரெடினஸ் மானிட்டர்கள் என்ற பகுதியில் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றின் சோதனைகள் 'முடியவில்லை' என்று நின்றால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய எந்தக் காரை வாங்கப் போனாலும் விலை பேசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

வினவியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கேட்டவற்றைப் பார்த்தேன். குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம் 412 கிலோமீட்டர். நான் வாங்கியபின் ஓட்டியதும் ஏறத்தாழ அவ்வளவே. அதாவது விற்பனைக்குச் சற்று முன்புதான் அழிக்கப்பட்டிருக்கிறது. வருத்தமாக இருந்தாலும், இப்போது காரைச் சரிசெய்வதே முக்கியம்.

ஃப்ரீஸ் ஃபிரேமில் பி0171 மட்டுமே இருக்கிறது. எஞ்சின் 760 ஆர்பிஎம், வேகம் பூச்சியம், கூலன்ட் 92 டிகிரி. நீண்டகால ட்ரிம் ஐடிலில் கூட்டல் 22, 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 6. எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டு அழுத்தம் 96. நண்பர் ஒருவர் ஓட்ட, நான் அருகிலிருந்து பார்த்தபோது, மூன்றாம் கியரில் முழுமையாக மிதித்தும் அழுத்தம் 145 கிலோபாஸ்கலைத் தாண்டவில்லை; ட்ரிம் அப்போது பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. ஆயில் மூடியைத் திறக்க நல்ல பலம் தேவைப்பட்டது. ஐடிலில் விசில் போன்ற மெல்லிய ஓசை ஒன்று எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் அது நின்றுவிட்டது. எஞ்சின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் தெரிகிறது.

மறுமொழி 1 (பட்டறை வைத்திருப்பவர்)

இவ்வளவு ஒழுங்காகக் குறித்துக் கொடுத்ததற்கு நன்றி ஐயா. இனி ஊகிக்க அதிகம் இல்லை. எஞ்சின் மேல் இருக்கும் பிசிவி வால்வின் டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் தகடு) கிழிந்திருக்கிறது என்றே சொல்வேன்.

பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கும் வாயுக்களை ஆயிலிலிருந்து பிரித்து மீண்டும் இன்டேக்குக்கு அனுப்புவது பிசிவியின் வேலை. டயாஃப்ரம்தான் அந்த உறிஞ்சலை அளவோடு வைத்திருக்கிறது. அது கிழிந்தால் மேனிஃபோல்டின் வெற்றிடம் முழுவதும் கிரேங்க்கேஸ் (எஞ்சினின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆயில் அறை) மேல் விழுகிறது. மூடி இறுகிப் பிடிப்பதற்கு அதுவே காரணம். வெளிக்காற்று கிழிசல் வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ உள்ளே இழுக்கப்படும்போது விசில் எழுகிறது. ஐடிலில் கூட்டல் 22 வருவதும் அந்த அளக்கப்படாத காற்றால்தான். எரிபொருள் போதாத அந்தக் கலவையால்தான் பி0300உம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இதே பாகத்துக்குள் ஒரு செக் வால்வும் இருக்கிறது. பூஸ்ட் ஏறும்போது மேனிஃபோல்டிலிருந்து காற்று திரும்பிக் கிரேங்க்கேஸுக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. அதுவும் பழுதானால் டர்போ தரும் அழுத்தத்தில் ஒரு பங்கு கிரேங்க்கேஸுக்குள் போய்விடும். பின்பக்க மெயின் சீலில் (கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) தெரியும் ஆயில் ஈரத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் 145 வரையே அழுத்தம் நின்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் உறுதி கூறமாட்டேன். டைவர்ட்டர் வால்வை இரண்டு மூன்று ஆணிகளைக் கழற்றி வெளியே எடுத்து ரப்பரைப் பார்த்துவிடுங்கள். பழைய வடிவ டயாஃப்ரம் வால்வுகள் கிழிவது வழக்கம்.

டர்போவின் மேலான சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். எஞ்சின் ஆறியபின் இன்லெட் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பானது. முன்னும் பின்னும் அசைவு தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ மட்டுமே டர்போவைப் பற்றிப் பேச வேண்டும். குழாய்க்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதைக் காட்டி யாராவது அச்சுறுத்தினால் பொருட்படுத்தாதீர்கள். பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி எல்லா டர்போ எஞ்சின்களிலும் அங்கே படிகிறது.

மறுமொழி 3

மேலுள்ள கணிப்போடு உடன்படுகிறேன். இருந்தாலும் கோளாறு ஏன் மலைப்பாதையில் வெளிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கருவி காட்டுவது வளிமண்டல அழுத்தத்தையும் உள்ளடக்கிய முழு அளவில். கோவையில் 190 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் டர்போ 97ஐ ஏறத்தாழ இரு மடங்காக்கினால் போதும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வளிமண்டல அழுத்தமே 81 அளவுக்கு இறங்கிவிடுவதால், அதே 190ஐத் தர டர்போ 2.3 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். சமவெளியில் மிதமாக ஓட்டும்போது டர்போ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடும் ஒரு கசிவு, கொண்டை ஊசி வளைவு ஏற்றத்தில் ஈடுகட்ட முடியாததாகிவிடுகிறது.

இன்னொன்று எச்சரிக்கை. சில பட்டறைகளில் கசிவைக் கண்டுபிடிக்க கம்ப்ரஸர் காற்றை ஏர் ஃபில்ட்டர் பக்கமிருந்து நேரே செலுத்துகிறார்கள். பிசிவி பழுதான எஞ்சினில் அந்த அழுத்தம் கிரேங்க்கேஸுக்குள் போய், இப்போது ஈரமாக மட்டுமே இருக்கும் பின்பக்க சீலைத் தள்ளிவிடக்கூடும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மிகக் குறைந்த அழுத்தத்தில் செய்யப்படும் புகைச் சோதனையையே (புகை வெளிவரும் இடத்தைக் கொண்டு கசிவைக் காண்பது) கேட்டு வாங்குங்கள். பிசிவியை மாற்றியபின் சீல் ஈரம் தொடர்கிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டு, அதன்பின் சீலைப் பற்றி முடிவெடுக்கலாம்.

வினவியவர்

டைவர்ட்டர் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் ஓரத்தில் விரல் நகம் நுழையுமளவுக்குக் கிழிந்திருக்கிறது. டர்போ தண்டில் முன்பின் அசைவு சிறிதும் இல்லை. பிசிவி தொகுப்பும் டைவர்ட்டர் வால்வும் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். மாற்றியதும் குறியீடுகளை நானே அழித்துவிடலாமா?

மறுமொழி 1 (பட்டறை வைத்திருப்பவர்)

இரண்டும் சேர்ந்தே பழுது என்றால் 145இல் நின்றதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. குறியீடுகளை அழிக்கலாம், ஐயா. அழிக்கும்போது கற்றுவைத்த ட்ரிம்களையும் சேர்த்து அழித்தால் இசியூ பழைய கூட்டல் 22ஐ வைத்துக்கொண்டு எரிபொருளை மிகுதியாக ஊற்றாது. அழிக்காமல் விட்டாலும் தொடர்ந்து மூன்று ஓட்டச் சுழற்சிகளில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும். குறியீடு நினைவிலிருந்து நீங்க எஞ்சின் 40 முறை சூடாகி ஆற வேண்டும். சில நாள் ஓட்டியபின் ஐடில் ட்ரிம்மைக் குறித்து எழுதுங்கள். கூட்டல் 5க்குள் வந்தும் காலையில் முதல் இயக்கத்தின்போது மட்டும் பி0300 திரும்பினால், இன்டேக் வால்வுகளில் கார்பன் படிந்திருக்கிறதா என்று போரோஸ்கோப் (சிறு குழாய்க் கேமரா) விட்டுப் பார்க்கலாம். நேரடி உட்செலுத்து எஞ்சினில் பெட்ரோல் வால்வின் மேல் படாததால் அது தானாகக் கழுவப்படுவதில்லை. பிசிவி பழுதாகி ஓடிய காலத்தில் ஆயில் ஆவியும் அங்கே கூடுதலாகப் போயிருக்கும்.