புதுப்பிப்பு: ரைசன் 5 3600 ப்ராசஸர், 4.2 கிகாஹெர்ட்ஸில் ரீஸ்டார்ட் ஆன பிரச்சினை தீர்ந்தது

ப்ராசஸரை 4.2-இல் ஓட்ட, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) அதற்கு 1.3 வோல்ட் வைத்தும் வீடியோ ரெண்டர் பாதியில் ரீஸ்டார்ட் ஆகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

வோல்டேஜை ஏற்றச் சொன்னவர்களே அதிகம். 1.35 வைத்தேன், ரீஸ்டார்ட் நின்றது, ஆனால் சூடு 90 டிகிரியைத் தாண்டியது. கடைசியில் கைகொடுத்தது "எல்எல்சி என்ன வச்சிருக்கீங்க?" என்ற ஒற்றை வரிதான். எல்எல்சி என்றால் லோடு-லைன் காலிபரேஷன், வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு. சும்மா இருக்கும்போது 1.3 காட்டுவது, ரெண்டர் தொடங்கியதும் 1.22-க்கு இறங்கிவிடுகிறது. நான் அதுவரை லோடில், அதாவது வேலை நடக்கும்போது, வோல்டேஜைப் பார்க்கவே இல்லை! மறுபடி 1.3-க்கே வந்து, லோடு-லைன் காலிபரேஷனை நடுத்தரத்தில் வைத்ததும் லோடில் 1.27-இல் நின்றது. மூன்று மணி நேர ரெண்டர் தடங்கலில்லாமல் முடிந்தது.

ஒன்றில் ஏமாந்தேன். எல்எல்சியில் லெவல் 1 என்றால் குறைவு என்று நினைத்து அதை முதலில் வைத்தேன். என் மதர்போர்டில் அதுதான் உச்சம். போர்டுக்கு போர்டு இந்த எண் தலைகீழாகும், மேனுவலைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

எங்கள் வீடு சேலத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை. ரெண்டரில் ப்ராசஸர் சூடு ராத்திரி 78 டிகிரி, சித்திரை மதியத்தில் 88. ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. மின்செலவும் சூடும் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால், இப்போதைக்கு 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட். மழை வந்ததும் பழையபடி 4.2.