பிட்ஸ்பர்க்கா, கிளீவ்லேண்டா? இரண்டு ஊரும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நடைவண்டி:

இரண்டு ஊரிலும் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில்தான் இரண்டும்: ஒன்று பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் ஓக்லேண்ட் பகுதியில், இன்னொன்று ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லேண்டில் யுனிவர்சிட்டி சர்க்கிள் பக்கம். சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். தேடிப் படித்தால் இரண்டு ஊரைப் பற்றியும் ஒரே கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள்: எஃகால் வளர்ந்தது, எஃகு போனதும் நொடித்தது, இப்போது மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் தாங்கி நிற்கின்றன. ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால்கூட யாருக்கும் தெரியாது போல.

நாங்கள் மூன்று பேர், மகளுக்கு ஏழு வயது, கார் ஒன்றுதான். கோடையில் அம்மா வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க அவரால் முடியாது, தினமும் ஒரு நடை போய் வந்தே ஆக வேண்டும். முதலில் வாடகைக்கு, இரண்டு வருடம் கழித்துப் பார்த்து வீடு வாங்கலாம் என்று எண்ணம். எது உயர்ந்த ஊர் என்று கேட்கவில்லை, அன்றாடம் அங்கே எப்படிப் போகும் என்பதுதான் வேண்டும்.

மூன்றாறு:

பிட்ஸ்பர்க்கில் 11 வருடமாக இருக்கிறேன், யோசிக்காமல் இங்கே வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதைக்குள் நுழைவீர்கள். அதுவரை ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது, மலையும் மரமும்தான். சுரங்கம் முடிகிற நொடியில் நேரே பாலத்தின் மேல் இருப்பீர்கள், கண்ணெதிரே முழு நகரமும், கீழே அலெகேனியும் மொனோங்கஹேலாவும் சேர்ந்து ஒஹையோ ஆறாகிற முனையும். இத்தனை வருடம் ஆகியும் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

உங்களுக்கு வேலை ஓக்லேண்டில் என்பதால் ஸ்குவிரல் ஹில்லில் வீடு பாருங்கள். ஃபோர்ப்ஸ் சாலையும் மரே சாலையும் சந்திக்கிற இடத்தைச் சுற்றிக் கடை, நூலகம் எல்லாம் நடக்கிற தூரம். 61 வரிசைப் பேருந்துகள் நேராக ஓக்லேண்டுக்கு வரும், காரை வீட்டில் விட்டுவிடலாம். மகளுக்குக் கார்னெகி அருங்காட்சியகத்தின் டைனோசர் கூடம் போதும், திரும்பத் திரும்பக் கேட்பாள். அம்மாவுக்குப் பென் ஹில்ஸில் வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது, 1976-லேயே கட்டியது, அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. கிளீவ்லேண்டிலிருந்தே கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

மனிதர்களும் நல்லவர்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் எதிரே இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறவருக்கு முதலில் வழி விடுவது இங்கே ஊர் வழக்கம், பிட்ஸ்பர்க் லெஃப்ட் என்றே பெயர். பனியை வாரி நீங்கள் சுத்தம் செய்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் யாரும் அங்கே வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

ஏரிக்கரை:

மூன்றாறு சொன்னது எல்லாம் உண்மைதான், ஆனால் முழங்கால் வலி என்று கேள்வியிலேயே இருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிட்ஸ்பர்க் படிக்கட்டு ஊர். நகராட்சிப் படிக்கட்டுகள் மட்டும் 700-க்கு மேல், அதில் பல அரசுக் கணக்கில் தெரு. ஒரு முறை நண்பர் வீட்டுக்குப் போகும்போது வரைபடத்தில் தெரு என்று காட்டியதை நம்பித் திரும்பினேன், எதிரே கைப்பிடிக் கம்பியோடு செங்குத்தாக ஏறும் கான்கிரீட் படிகள், ஓரத்தில் முறையாகத் தெருப்பெயர்ப் பலகை. பார்க்க அழகுதான். அந்த அம்மாவால் அங்கே தினமும் நடக்க முடியுமா, அதைச் சொல்லுங்கள்.

கிளீவ்லேண்ட் பெரும்பாலும் சமதளம். யுனிவர்சிட்டி சர்க்கிளில் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, 1916-ல் திறந்தது, பொதுச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அதன் எதிரில் வேட் குளம், சுற்றி நடைபாதை. வெயில் நாளில் பெரியவர்கள் அங்கே ஒரு சுற்று வந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் அதே ஆட்கள் உள்ளே கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றத்தில் நடப்பார்கள், யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து ரெட் லைன் ரயில் 1968 முதல் ஓடுகிறது, அப்படியே யுனிவர்சிட்டி சர்க்கிள்வரை கொண்டுவந்து விடும். ஒரே கார் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

அப்புறம் தியாகராஜர் ஆராதனை. 1978-ல் தொடங்கியது, ஈஸ்டரை ஒட்டி நாள் கணக்கில் நடக்கும், அமெரிக்கா முழுவதிலிருந்தும் வருவார்கள். அம்மா கொஞ்சம் முன்னதாக வந்தால் தவறவே விடாதீர்கள். சிவன் விஷ்ணு கோயில் பார்மாவில் இருக்கிறது, கோயிலுக்காக மாநிலம் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாறு:

சரி, முழங்கால் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. குளிர்காற்று கிளீவ்லேண்டை ஒட்டிய, உறையாத ஈரி ஏரியின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குப் பக்க மேட்டில்தான் கொட்டும், அவர் வீடு பார்க்கப்போவதும் அதே கிழக்குப் பக்கம். எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இருகரை:

இரண்டு ஊரிலும் குடியிருந்திருக்கிறேன், பிட்ஸ்பர்க்கில் ஐந்து வருடம், இப்போது கிளீவ்லேண்ட் ஹைட்ஸில். ஏரிக்கரையும் சிலதை விட்டுவிட்டார்.

ஆள் குறைந்தது இரண்டிலும்தான். 1950-ல் கிளீவ்லேண்டில் 9.14 லட்சம் பேர், 2020-ல் 3.72 லட்சம். பிட்ஸ்பர்க் 6.76 லட்சத்திலிருந்து 3.03 லட்சம். ஆனால் அது கண்ணில் படும் விதம் வேறு. பிட்ஸ்பர்க்கில் மலையும் ஆறும் ஒவ்வொரு பேட்டையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதால் ஒன்று வெறிச்சோடினாலும் அடுத்ததில் நிற்கிறவருக்குத் தெரியாது. கிளீவ்லேண்டில் தடுக்க எதுவும் இல்லை, யுனிவர்சிட்டி சர்க்கிளைத் தாண்டி மேற்கே கொஞ்சம் போனாலே வீடு இருந்த இடத்தில் புல் மட்டும் வளர்ந்த மனைகள் வரிசையாக வரும். முதல் மாதம் எனக்கு அது மனதை என்னவோ செய்தது, அங்கே இன்னமும் திண்ணையில் செடி வளர்த்துக்கொண்டு இருக்கிற குடும்பங்களைப் பார்த்த பிறகுதான் அந்தத் தெருக்களை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிளீவ்லேண்ட் ஆறு எரிந்த ஊர் என்று யாராவது பயமுறுத்தினால் விட்டுத் தள்ளுங்கள், கழிவு மிதந்த கயஹோகா ஆற்றில் தீப்பிடித்தது 1969-ல், இன்று அதே ஆற்றில் படகு வலிக்கிறார்கள். காற்று என்று பார்த்தால் நான் பிட்ஸ்பர்க்கைத்தான் சொல்வேன், பக்கத்துக் கிளேர்ட்டனில் எஃகு உலைக்கான கோக் கரி ஆலை இன்னும் ஓடுகிறது, காற்றே இல்லாத சில காலைகளில் ஸ்குவிரல் ஹில்வரை அழுகின முட்டை நாற்றம் வரும். மகளுக்கு இழுப்பு ஏதாவது இருந்தால் யோசியுங்கள்.

வரியை யாரும் தொடவில்லை. பிட்ஸ்பர்க் எல்லைக்குள் குடியிருந்தால் சம்பளத்தில் ஊர் வரியும் பள்ளி வரியும் சேர்ந்து 3 சதவீதம், பல புறநகர்களில் 1 சதவீதத்தை ஒட்டித்தான். கிளீவ்லேண்டில் வேலை செய்கிற இடத்தில் 2.5 சதவீதம் பிடித்துவிடுவார்கள், புறநகருக்குப் போனாலும் தப்ப முடியாது, குடியிருக்கிற ஊரும் மேலே கொஞ்சம் கேட்கலாம். வாங்குகிற நேரத்தில் கிளீவ்லேண்டின் புறநகரான ஷேக்கர் ஹைட்ஸ் வீடுகள் விலைக்கு மீறிய அழகோடு இருக்கும், கையெழுத்துப் போடும் முன் சொத்து வரிச் சீட்டை ஒரு முறை பாருங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என்றால் கிளீவ்லேண்ட், எங்கள் கிளீவ்லேண்ட் ஹைட்ஸில் சீடர் ஃபேர்மவுண்ட் பக்கம். யுனிவர்சிட்டி சர்க்கிளிலிருந்து ஒரு ஏற்றம், அதைப் பேருந்தில் கடந்துவிடலாம், மேலே போய்விட்டால் எல்லாம் தட்டை. பனி அதிகம்தான், ஆனால் நீங்கள் சொல்கிற கணக்குப்படி அம்மா ஜனவரிக்குள் ஊர் திரும்பிவிடுவார். அவர் வராத குடும்பமாக இருந்தால் நான் பிட்ஸ்பர்க் என்றிருப்பேன், ஆறு பார்த்த மலைவீட்டை விட்டு வந்த ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நடைவண்டி:

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு இழுப்பு எதுவும் இல்லை. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் இரண்டு ஊரையும் சொன்னேன், கோயில், கச்சேரி, டைனோசர் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுவில் உட்கார பெஞ்சு எந்த ஊரில் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்க்கிறோம், முதலில் கிளீவ்லேண்ட். இருகரை, சீடர் ஃபேர்மவுண்டில் தரைத்தளத்தில், வாசலில் படி இல்லாத வாடகை வீடு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எந்தத் தெருக்களில் தேட வேண்டும்?