பையன் மங்கி பாரில் இருந்து விழுந்தான். கேட்டால் “வலிக்கலைம்மா” என்கிறான்

ஜீவன்பீமாநகர் அம்மா:

பெங்களூருவில் ஜீவன்பீமா நகரில் இருக்கிறோம். பையனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. எங்கள் அபார்ட்மெண்ட் விளையாட்டு இடத்தில் மங்கி பாரில், அதாவது தலைக்கு மேலே வரிசையாக இருக்கும் கம்பிகளில், தொங்கிக்கொண்டு போகும்போது கை நழுவி விழுந்துவிட்டான். வலது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து விலகியிருந்தது. அன்றிரவே மயக்க மருந்து கொடுத்து, எலும்பை நேராக்கி, இரண்டு கம்பி வைத்து மாவுக்கட்டு போட்டார்கள். அடுத்த வாரம் கம்பி எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் தைரியமாகத்தான் பேசுகிறார். என்னால்தான் முடியவில்லை.

இவன் இயல்பிலேயே பயந்த பிள்ளை. சறுக்குமரத்தில் தனியாக ஏறவே ரொம்ப நாள் எடுத்துக்கொண்டான். மற்ற பிள்ளைகள் கம்பியில் ஆடும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ஆசை இருக்கிறது, தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு நானே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடக்க வைத்தேன். அப்புறம் பிடிக்காமல் கீழே கூடவே நடந்தேன். அன்றைக்கு நடுவில் நின்றுவிட்டான். “இறக்கி விடும்மா” என்றான். “இன்னும் ரெண்டு கம்பிதான்டா, ஒரு கையை விட்டு அடுத்ததைப் பிடி” என்றேன். நான் சொன்னதால்தான் விட்டான். எட்டிப் பிடிப்பதற்குள் கையை ஊன்றி விழுந்துவிட்டான்.

கணவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. குடியாத்தத்தில் இருந்து அத்தை வந்திருக்கிறார். அவர் தம்பிக்குச் சின்ன வயதில் கால் உடைந்தபோது புத்தூரில் நாட்டு வைத்தியக் கட்டு போட்டுத்தான் சரியானதாம். கம்பி எடுத்ததும் இவனையும் அங்கே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டி, எண்ணெய் போட்டு நீவி விட்டால் கை பழையபடி நீளும் என்கிறார். அவர் பாசத்தில்தான் சொல்கிறார், என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. கை வளராமல் நின்றுவிடுமோ என்றும் கேட்கிறார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது.

இதையெல்லாம்விட ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் ராத்திரி, அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்ணைத் திறக்காமலே, “வலிக்கவே இல்லைம்மா, அழாதம்மா” என்றான். அதிலிருந்து யார் கேட்டாலும் அதே பதில்தான். மாத்திரை வேண்டுமா என்றால் வேண்டாம். கட்டு இறுக்குகிறதா என்றால் இல்லை. கீழே விளையாடப் போகும் பிள்ளைகளின் சத்தம் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறான், உடனே என் முகத்தைப் பார்க்கிறான்.

இந்த நிலைமையைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திரும்ப அவனை எப்படி அந்த இடத்துக்குக் கூட்டிப் போவது? கூட்டிப் போகத்தான் வேண்டுமா?

கம்மனஹள்ளி தாத்தா:

வருத்தமாக இருக்கிறதம்மா. பிள்ளை சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 6 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கம்பியெல்லாம் எதற்கு? நாங்கள் வளர்ந்த காலத்தில் மண் தரையில் ஓடினோம், விழுந்தால் முட்டி தேயும், அவ்வளவுதான். இப்போது எங்கே பார்த்தாலும் சிமெண்ட். இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். அதுவரை வீட்டிலேயே விளையாடட்டும். பயம் தெளிய அவசரம் ஒன்றும் இல்லை.

எச்.ஏ.எல். அப்பா:

சகோதரி, என் மகளுக்கு இரண்டு வயதாகும் முன்பு நடந்தது. தனியாகச் சறுக்கினால் விழுந்துவிடுவாள் என்று மடியில் உட்கார வைத்துக்கொண்டு நானும் சறுக்கினேன். பாதி வழியில் அவள் ஷூவின் ரப்பர் அடி பக்கவாட்டில் உரசி நின்றுவிட்டது. அவள் மட்டும் சறுக்கியிருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பாள். என் எடை பின்னால் இருந்து தள்ள, கால் முறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்குமரத்தில் கால் உடைவது பெரும்பாலும் இப்படிப் பெரியவர் மடியில் இருக்கும்போதுதான் என்று எலும்பு டாக்டர் சொன்னார். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததே அப்படி ஆனது. பல மாதம் எந்தப் பார்க் பக்கமும் என்னால் போக முடியவில்லை. பிள்ளையை என் மனைவிதான் கூட்டிப் போவார்.

உங்கள் விஷயத்தையும் என் விஷயத்தையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை. என் மகளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. உங்கள் பையன் ஆசைப்பட்டு, வாரக்கணக்கில் பழகி, பாதிக்கு மேல் தன் கையாலேயே கடந்து போயிருக்கிறான். நீங்கள் கூடவே நடந்திருக்கிறீர்கள். எல்லாப் பயிற்சியிலும் கையை விடவேண்டிய ஒரு நொடி வரும். அன்றைக்கு அந்த நொடியில் நழுவிவிட்டது.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டு இடங்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. தொங்கிப் போகும் கம்பி 4 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றுதான் அதில் இருக்கிறது. 6 வயது தப்பில்லை. ஆனால் சிமெண்ட் பற்றி நீங்கள் சொன்னதுதான் முக்கியமான விஷயம். கம்பிக்கு அடியில் கான்கிரீட் கூடவே கூடாது, புல்தரையும் போதாது. மணல் என்றால் 9 அங்குல ஆழம் இருக்க வேண்டும், அதுவும் 4 அடி உயரம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் உயரமானால் மரத்துண்டுகளோ கனமான ரப்பர் தரையோ போடவேண்டும். சகோதரி, உங்கள் இடத்தில் கீழே என்ன போட்டிருக்கிறார்கள்? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. பழி முழுவதையும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டுவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், அல்சூர்:

எலும்பு வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு முழங்கைப் பக்கம் உடைவதில் இந்த இடம்தான் மிக அதிகம். 5 முதல் 7 வயதில் நிறைய வரும். விழும்போது கையை நீட்டி ஊன்றுவார்கள், முழங்கைக்கு மேலே எலும்பு மெல்லிசாக இருக்கும் இடத்தில் விட்டுவிடும். மங்கி பாரில் விழுந்தும் வருவார்கள், வீட்டில் சோபாவில், கட்டிலில் குதித்து விழுந்தும் வருவார்கள். ஐயா, வீட்டில் வைத்துக்கொண்டால் விழமாட்டார்கள் என்பதை நான் வார்டில் பார்த்ததில்லை.

கை வளர்ச்சி பற்றி உங்கள் அத்தைக்கு இதைச் சொல்லுங்கள். மேற்கை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள்பட்டைப் பக்க முனையில் இருந்துதான் வளர்கிறது. முழங்கைப் பக்கம் கொஞ்சம்தான். இந்த மாதிரி முறிவால் கை குட்டையாக நின்றுவிடாது. கோணலாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கம்பி வைத்து நேராகப் பிடித்திருக்கிறார்கள்.

புத்தூர் பற்றி. அத்தை பொய் சொல்லவில்லை, அவர் தம்பிக்குச் சரியானது உண்மையாக இருக்கும். ஆனால் முழங்கை வேறு. எலும்பை ஒட்டியே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அங்கே கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டால், தசை செத்து விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போட்டு நீவுவதும், இழுத்து நீட்டுவதும் கண்டிப்பாக வேண்டாம். முழங்கையைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு படிந்து இன்னும் விறைத்துப்போகும். கம்பி எடுத்தவுடன் கை முழுதாக நீளாது. பயந்துவிடாதீர்கள். அவனே சாப்பிட, சட்டை போட, பொம்மை எடுக்க என்று பயன்படுத்தப் பயன்படுத்த, வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் தானாக வரும். திரும்பக் கம்பியில் தொங்குவது டாக்டர் சரி என்ற பிறகுதான்.

அம்மா, நான் எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காக. அவன் “வலிக்கலை” என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாவுக்கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வலி கூடுகிறது, விரல் மரத்துப்போகிறது, விரலை நீட்டிவிட்டால் துடிக்கிறான், இதை வைத்துத்தான் நாங்கள் டாக்டரைக் கூப்பிடுவோம். சொன்னால் அம்மா அழுவாள் என்று அவன் அதை விழுங்கிக்கொள்கிறான். உங்களை அவன் பார்த்துக்கொள்கிறான். 6 வயதுப் பிள்ளைக்கு அந்த வேலை வேண்டாம்.

அழுகையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, அது உங்கள் கையில் இல்லை. அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: “அம்மா அழுதது உன் வலியைப் பார்த்து. நீ வலிக்குது என்று சொன்னால் அம்மா அழமாட்டேன், உடனே மருந்து தருவேன்.” அப்புறம் வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், அதற்கு இல்லை என்றுதான் வரும். “எந்த இடத்தில் உறுத்துது, விரலால் காட்டு” என்று கேளுங்கள். விரல் நுனி வெளுத்திருக்கிறதா, நீலமாகவோ சில்லென்றோ இருக்கிறதா, ஐந்து விரலையும் அசைக்கிறானா என்று தினமும் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலோ, வலி கூடினாலோ, ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம்.

ஜீவன்பீமாநகர் அம்மா:

சிஸ்டர், உங்கள் பதிலைப் படித்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியபடியே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இடது கையால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டுக் காட்டினான். மாவுக்கட்டின் ஓரம் அங்கே அறுத்துத் தோல் சிவந்து, ஒரு பக்கம் உரிந்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன், “முதல்ல இருந்தே” என்றான். விரலெல்லாம் சூடாகத்தான் இருந்தது, நன்றாக அசைத்தான். மறுநாள் காலையில் கூட்டிப் போனேன். ஓரத்தை வெட்டிச் சீராக்கி, பஞ்சு வைத்து, களிம்பு கொடுத்தார்கள். வரும் வழியில் ஆட்டோவில், “அங்க குத்துச்சும்மா, இப்போ குத்தலை” என்று அவனாகவே சொன்னான்.

எண்ணெய் விஷயத்தை நான் சொல்லியிருந்தால் அத்தை கேட்டிருக்க மாட்டார். நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். விரல் மடங்கிப்போன பிள்ளைகளைப் பற்றி இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். புத்தூர் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

கணவரிடமும் பேசினேன். “நீ அழுதுகிட்டே இருந்தே, நான் என்ன சொன்னாலும் உனக்குக் குத்தும்னு பயந்தேன்” என்றார்.

எச்.ஏ.எல். அண்ணா, கீழே போய்ப் பார்த்தேன். இன்டர்லாக் கல், அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரிப்பு. பார்க்க மெத்தென்று இருக்கும், அழுத்தினால் கல்தான். கம்பி என் தலைக்கு மேலே இருக்கிறது. இத்தனை நாள் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். மாற்றும்வரை அந்தக் கம்பியைக் கயிறு கட்டி மூடி வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டேன். ரப்பர் தரை எத்தனை தடிமன் கேட்கவேண்டும், பெங்களூருவில் சதுர அடிக்கு என்ன ஆகிறது என்று யாருக்காவது தெரிந்தால் கூட்டத்துக்கு முன்னால் சொல்லுங்கள். கையில் விலையோடு போனால்தான் பேச்சு நிற்கும்.